கடல் விலகிய துறைமுகம்: வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

கேள்வி: டீச்சரம்மாவுக்கு வணக்கம். என் தமிழில் பிழை இருந்தால் மன்னிக்கவும். வீட்டில் நம் ரெயூனியன் தீவின் கிரெயோல் மொழிதான், இது சங்கத்து வகுப்பில் படித்த தமிழ். என் மகன் தென் பிரான்சில் தூலோனில் கடற்படையில் இருக்கிறான். ஜூலை விடுமுறையில் நானும் வீட்டுக்காரரும் மாமியாரும் அவனைப் பார்க்கப் போகிறோம். ரோமர்கள் கட்டிய ஊர் ஒன்றை, கடலோரத்து ஊராக, ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. எல்லாரும் மார்செய், நீஸ் என்கிறார்கள். மாமியாருக்கு 74 வயது, முழங்கால் வலி உண்டு. எங்கே போகலாம், சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, சான்-லூயி

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு எழுத்துப் பிழைதான் இருந்தது, திருத்திவிட்டேன். தாத்தா காலத்திலேயே வீட்டை விட்டுப் போன மொழியை வகுப்பில் உட்கார்ந்து மீட்டுக் கொண்டுவந்திருக்கிறீர்கள். நீங்கள் மன்னிப்புக் கேட்கலாமா?

ஃப்ரெஜூசுக்குப் போங்கள். மார்செய் பெரிய ஊர், பார்க்க வேண்டிய ஊர், ஆனால் அது கிரேக்கர்கள் வைத்த ஊர். நீஸும் அப்படித்தான், அங்கே ரோமர் இருந்த பகுதி மேலே சிமியே குன்றில் தனியாகக் கிடக்கிறது. ஃப்ரெஜூசுக்குப் பெயரே ரோமர் வைத்தது. 'ஃபோரும் யூலி' என்றால் ஜூலியஸ் சீசரின் சந்தை. நம் வாயில் சொன்னால் ஜூலியஸ்பேட்டை. கி.மு. 49 வாக்கில் வைத்த பெயர், 2000 வருஷமாக வாய்க்கு வாய் தேய்ந்து ஃப்ரெஜூஸ் ஆகியிருக்கிறது. நீங்கள் போகிற ஜூலை மாதமும் அதே ஆளின் பெயர்தான்.

தூலோனிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒன்றைக் கவனியுங்கள்: எல்லா ரயிலும் ஃப்ரெஜூசில் நிற்காது. அது சின்ன நிலையம். பெரிய ரயில்கள் அடுத்த நிலையமான சான்-ரஃபாயேலில்தான் நிற்கும். சீட்டு எடுக்கும்போதே மகனைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஃப்ரெஜூசிலேயே இறங்கினால் பழைய ஊருக்கு நடந்துவிடலாம், அத்தைக்கும் அலைச்சல் இல்லை.

இனி முக்கியமான விஷயம். போனவுடன் ஏமாறாதீர்கள். நான் ஏமாந்தேன்.

2016 மே மாதம் நானும் என் வீட்டுக்காரரும் போனோம். அந்த ஊர்ப் பெயர் எனக்குச் சிறு வயதிலிருந்தே காதில் விழுந்த பெயர். புதுச்சேரி பக்கத்து அரியாங்குப்பத்தில் எங்கள் பெரியப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்தவர். இந்தோசீனாவுக்கு, அதாவது இன்றைய வியத்நாம் பக்கம், போய் உயிரோடு திரும்பியவர். வழியில் ஃப்ரெஜூஸ் முகாமில் சில மாதம் இருந்தாராம். 'பிரசூசு' என்பார். மிஸ்ட்ரால் என்ற அந்தப் பக்கத்து வாடைக்காற்று பற்றியும், கம்பளிக்குள் புகுந்த குளிர் பற்றியும் சொல்வார். ரோமர் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிற்பாடு நான் தமிழ் டீச்சராகி இந்தத் தீவுக்கு வந்து, பாடப் புத்தகத்தில் யவனர் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற காலத்தில்தான் அந்த ஊர் ரோமரின் பெரிய கடற்படைத் துறைமுகம் என்று தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மனசில் வைத்திருந்தேன்.

ரயிலடியில் இறங்கித் துறைமுகத்துக்கு வழி கேட்டு நடந்தோம். கடைசியில் வந்து நின்றது ஒரு புல்வெளி. ஒரு பக்கம் இடிந்த சுவர், இன்னொரு பக்கம் அடுக்குமாடி வீடுகள், நடுவில் யாரோ காய்கறி போட்ட தோட்டம். தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். துறைமுகம் எங்கே என்று கேட்டேன். செருப்பு நுனியால் புல்லைத் தட்டிக் காட்டினார். "இங்கேதான், மதாம். கடல்தான் போய்விட்டது."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அங்கேயே சுவர் மேல் உட்கார்ந்தேன். அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் மாந்தோப்புக்கு நடுவில் அரிக்கமேடு என்ற பழைய துறைமுக மேடு இருக்கிறதே, சின்னப் பிள்ளையில் அங்கேதான் மணி பொறுக்குவோம். மழை பெய்த மறுநாள் மண் கரைந்து நீலமும் பச்சையுமாகக் கண்ணாடி மணி மேலே வந்து கிடக்கும். "இங்கேதான் கப்பல் வந்தது" என்று அப்பா சொன்னபோது, "கப்பல் எங்கே, தண்ணி எங்கே?" என்று நான் கேட்டிருக்கிறேன். அதே கேள்வியை அறுபது வயதில் வேறொரு கரையில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நடந்தது இதுதான். ரோமர்கள் ஊருக்குக் கீழே ஒரு பெரிய குளம் போலத் துறையைக் கட்டி, கால்வாய் வெட்டிக் கடலோடு சேர்த்தார்கள். பக்கத்தில் அர்ஜான்ஸ் ஆறும் ரேரான் ஆறும் வண்டல் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தன. தூர் வாருகிற கை இருந்தவரை துறை இருந்தது. ரோமப் பேரரசு போன பிறகு வாருவார் இல்லை. நூற்றாண்டு நூற்றாண்டாகத் தூர்ந்து, மிஞ்சிய சேற்றுக் குட்டையையும் 18ஆம் நூற்றாண்டில் மூடிவிட்டார்கள். இன்று கடல் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது.

அதனால் அந்த ஊரைப் பார்க்கிற முறையே வேறு. மனசில் முதலில் தண்ணீரை நிரப்பிக்கொள்ள வேண்டும். புல்வெளியில் நின்று தெற்கே பார்த்தால் 'அகுஸ்துஸ் விளக்கு' என்று ஒரு சின்னக் கோபுரம் தெரியும். பத்து மீட்டர் உயரம்தான், ஆறு பட்டை, கூம்பு முடி. விளக்கு என்று பெயரே தவிர, அதில் நெருப்பு எரியவில்லை. பகலில் வரும் மாலுமிக்குத் துறை வாயில் இதுதான் என்று காட்டும் அடையாளம். அதற்குக் கீழேதான் கப்பல்கள் உள்ளே நுழைந்தன. அந்தப் பாதை கரடுமுரடு. அத்தையை நிழலில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் போய் வாருங்கள். போனால் சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள். உள்ளங்கை அளவு கல், வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கிறார்கள். சில இடத்தில் காரை உதிர்ந்து கல் மட்டும் பல் மாதிரி நிற்கிறது, இடுக்கில் பல்லி ஓடுகிறது.

அத்தைக்கு ஏற்ற இடம் வட்டரங்கு. ஊருக்கு மேற்கே, சுமார் 10,000 பேர் உட்காரக்கூடிய அளவு. பழைய கல் பாதி போய்விட்டதால், கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் புதிதாகக் காங்கிரீட் படி போட்டிருக்கிறார்கள். பழமை கெட்டுப்போச்சு என்று ஊரில் சண்டையே நடந்தது. எனக்கும் அந்தச் சாம்பல் நிறம் பிடிக்கவில்லை. ஆனால் முழங்கால் வலிக்காரர்கள் பத்திரமாக உட்காரலாம். புதுப் படியை விட்டுவிட்டுக் கீழே பழைய வளைவுகளைப் பாருங்கள், அந்த ஊர்ப் பச்சைக் கல் அது. மழைக்காலத்துப் பாசி மாதிரி ஒரு பச்சை.

அடுத்து சான்-லெயோன்ஸ் கதீட்ரல். அங்கே ஞானஸ்நானக் கூடம் 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எட்டுப் பக்கம், நடுவில் தொட்டி, சுற்றிலும் ஏதோ ரோமக் கட்டடத்திலிருந்து எடுத்து வந்து நட்ட கருங்கல் தூண்கள். கோயில் தெப்பக்குளத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தொட்டி அன்னியமாகத் தெரியாது. பக்கத்து முற்றத்தில் தாழ்வாரத்துக் கூரையை அண்ணாந்து பாருங்கள். 14ஆம் நூற்றாண்டில் தீட்டிய மரப் பலகைகள், 1200 இருந்ததில் 300 சொச்சம் மிச்சம். ஒவ்வொன்றும் தபால் அட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. மனுஷத் தலை, மிருக உடம்பு என்று ஒரு வினோத உலகம். என் வீட்டுக்காரருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது, அப்படியும் பார்வையை இறக்க மாட்டேன் என்றார்.

இந்த ஊரைப் பற்றி ஒரு துக்கத்தையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். தூர்த்த ஆறுகளில் ஒன்று ரேரான் என்றேனே, அதன் மேல் மல்பாசேயில் ஓர் அணை கட்டினார்கள். ஒரு மழைக்காலத்தில் நீர் முழுக்க நிரம்பி, 1959 டிசம்பர் 2ஆம் தேதி இரவு 9 மணிக்குப் பிறகு அடியில் இருந்த பாறையே பெயர்ந்து அணை உடைந்தது. இருபது நிமிஷத்தில் தண்ணீர் ஃப்ரெஜூசுக்கு வந்துவிட்டது. 400 பேருக்கு மேல் இறந்தார்கள். கல்யாணம் நிச்சயித்திருந்த மாப்பிள்ளையை அந்த வெள்ளத்தில் பறிகொடுத்த ஒரு பெண், செத்துப்போனவரோடே தன் கல்யாணத்தைப் பதிய வேண்டும் என்று மன்றாடினாள். அந்த மாதக் கடைசியிலேயே அதற்குச் சட்டம் வந்தது. நம் தீவுக்கும் பொருந்துகிற சட்டம் அது, இன்றும் இருக்கிறது. அணையின் இடிபாட்டுக்கு நடந்து போகலாம், ஆனால் நீண்ட கல் பாதை, உங்கள் அத்தையோடு வேண்டாம்.

ஜூலையில் அங்கே 30 டிகிரிக்கு மேல். இங்கே நமக்குக் குளிர்காலம், உடம்பு அந்த வெயிலை எதிர்பார்க்காது. காலை 9 மணிக்கே வெளியில் சுற்றிவிட்டு, 12 மணிக்குக் கதீட்ரலுக்குள் போய்விடுங்கள். கல் குளுகுளு என்று இருக்கும். திங்கட்கிழமை போகாதீர்கள், அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

கேள்வி: பிள்ளைகளை அழைத்துப் போகிறேன், ஒருத்திக்குப் பத்து, ஒருவனுக்கு எட்டு. இடிந்த கல்லைக் காட்டினால் அரை மணியில் சலித்துப்போகிறார்களே?
– ஒரு அப்பா, சேந்த்-மாரி

பதில்: சேந்த்-மாரிக்காரர் நீங்களே இதைக் கேட்கலாமா? உங்கள் ஊரில்தானே விமான நிலையம் இருக்கிறது. நாம் பழக்கத்தில் ஜீலோ என்கிறோம், பலகையில் என்ன பெயர்? ரோலான் கரோஸ். 1888இல் சான்-தெனியில் பிறந்த நம் ஊர்ப் பிள்ளை. மத்தியதரைக் கடலை முதன்முதலில் விமானத்தில் கடந்தவர் அவர்தான், 1913 செப்டம்பர் 23. கிளம்பியது எங்கிருந்து? ஃப்ரெஜூசிலிருந்து. விடியற்காலையில் ஏறி, ஏறத்தாழ எட்டு மணி நேரம் தனியாகப் பறந்து துனீசியாவில் பிசெர்த்தில் இறங்கியபோது தொட்டியில் 5 லிட்டர் எண்ணெய்தான் மிச்சம்.

அவர் கிளம்பிய கடற்படை விமானத்தளம் இன்று கடலோரப் பூங்கா. பிள்ளைகள் ஓடலாம், பக்கத்திலேயே மணல் கடற்கரை. நம் கரையில் சுறா பயத்தில் பல இடங்களில் கடலில் இறங்க விடுவதில்லை, அங்கே இடுப்பளவு தண்ணீரில் விளையாடலாம். ஜீலோவில் விமானம் ஏறும்போதே பெயர்ப் பலகையைக் காட்டி, "இவர் பறந்த இடத்துக்குத்தான் போகிறோம்" என்று சொல்லி வையுங்கள். அதற்கப்புறம் ரோமர் கல்லையும் பார்ப்பார்கள். அருங்காட்சியகத்தில் இரட்டை முகமுள்ள ஒரு பளிங்குத் தலை இருக்கிறது, 1970இல் மண்ணிலிருந்து கிடைத்தது. ஊரில் எங்கெங்கே அதே முகம் சின்னமாகப் போட்டிருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அது ஒன்றே அரை நாள் ஓடும்.

கேள்வி: நீங்கள் அரிக்கமேட்டுக்காரர் என்பதால் கேட்கிறேன். ஃப்ரெஜூசிலிருந்து தமிழ்நாட்டுக்குக் கப்பல் வந்ததா?
– ஒரு வாசகர், சான்-பியேர்

பதில்: நேராக வரவில்லை. வர வழியும் இல்லை, சூயஸ் கால்வாய் அப்போது ஏது? மத்தியதரைக் கடல் சரக்கு அலெக்சாந்திரியா வரை கப்பலில் போகும், நைல் ஆற்றில் ஏறும், பாலைவனத்தை ஒட்டகத்தில் கடந்து செங்கடல் துறைகளுக்குச் சேரும். அங்கே காத்திருந்து தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்தால்தான் நம் கரை. நம் மிளகு அதே வழியில் திரும்பிப் போகும்.

ஆனால் ஃப்ரெஜூசுக்கும் நமக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. அந்தச் சுவரில் உட்கார்ந்தபோது அதுதான் என் மனசில் ஓடியது. கி.மு. 31இல் ஆக்தியும் என்ற இடத்தில் நடந்த கடற்போரில் ஒக்தாவியன் (பிற்பாடு அகுஸ்துஸ் என்று பெயர் வைத்துக்கொண்டவர்) ரோமத் தளபதி அந்தோனியையும் எகிப்து ராணி கிளியோபாத்ராவையும் தோற்கடித்தார். பிடிபட்ட போர்க்கப்பல்களை எங்கே அனுப்பினார் என்று ரோம வரலாற்றாசிரியர் தாசித்துஸ் எழுதி வைத்திருக்கிறார்: ஃபோரும் யூலிக்கு, துடுப்பாட்களோடு. அடுத்த வருஷமே எகிப்து ரோமர் கைக்குப் போனது. எகிப்தோடு செங்கடல் துறைகளும் போயின. அதற்கு முன்னால் அந்த வழியில் இந்தியாவுக்கு வரத் துணிந்தவர்கள் கொஞ்சப் பேர். பிறகோ, மியோஸ் ஹோர்மோஸ் என்ற ஒரே துறையிலிருந்து வருஷத்துக்கு 120 கப்பல் இந்தியாவுக்குப் போவதாகக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்த்ராபோ கேட்டு எழுதுகிறார். பாண்டியன் அகுஸ்துசுக்குப் பரிசு அனுப்பியதாகவும் அவர் எழுதுகிறார். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் கலம் பற்றி அகநானூறு பாடுகிறதே, அந்தக் கலங்களுக்கு வழி திறந்த போர் அது. அதில் தோற்ற கப்பல்கள் வந்து கட்டப்பட்டது அந்தப் புல்வெளியில்.

அரிக்கமேட்டில் 1945இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது இத்தாலியில் செய்த சிவப்புக் கிண்ணத் துண்டுகளும், மது வந்த சாடித் துண்டுகளும் கிடைத்தன. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அந்தச் சாடியைப் பார்த்திருப்பீர்கள், அடி கூராக இருக்கும், தரையில் நிற்காது. கப்பலின் அடிவயிற்றில் ஒன்றின் தோளிடுக்கில் இன்னொன்றைச் செருகி அடுக்கத்தான் அந்தக் கூர். ஃப்ரெஜூஸ் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அதே கூரடியைக் கண்டபோது என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "எங்கள் ஊர்ச் சாடி" என்றேன். பாராக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

கேள்வி: ஜூலையில் எங்களுக்கு தீமிதி விரதம். மீன், முட்டை, கறி எதுவும் கூடாது. அந்தப் பக்கம் என்ன சாப்பிடுவது?
– ஒரு வாசகி, சான்-ஆந்த்ரே

பதில்: பட்டினி கிடக்க வேண்டாம். நீஸ் பக்கம் 'சொக்கா' என்று ஒரு தட்டை தோசை, தூலோனில் அதையே 'கத்' என்பார்கள். கடலை மாவு, தண்ணீர், ஒலிவ எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். விறகு அடுப்பில் பெரிய தாம்பாளத்தில் சுட்டு, கரகர என்று சுரண்டிக் கொடுப்பார்கள். மிளகுத் தூள் தூவிச் சூட்டோடு சாப்பிட வேண்டும். ரத்தத்துய் முழுக்கக் காய்கறி. ஏமாற்றுகிறவை சில உண்டு: தப்பெனாத் பார்த்தால் ஒலிவத் துவையல்தான், ஆனால் நெத்திலி அரைத்திருப்பார்கள். வெங்காய அடை மாதிரி இருக்கும் பிசலாதியேரிலும் நெத்திலி. பான்-பஞ்ஞாவில் மீனும் முட்டையும். "நெத்திலி இருக்கிறதா?" என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். பாத்திரமும் தனியாக வேண்டும் என்கிற கடும் விரதமானால் வாடகை வீடு எடுத்துச் சமைத்துக்கொள்வதே மேல். மஞ்சள்தூளும் வீட்டு மசாலாவும் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தாத்தா காரைக்காலிலிருந்து இந்தோசீனாவுக்குப் போன சொல்தா, திரும்பவில்லை. ஃப்ரெஜூசில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது என்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகர், லெ போர்

பதில்: உண்மை, ஐயா. இந்தோசீனப் போர்களில் மாண்டவர்களுக்கான நினைவிடம் அங்கேதான் இருக்கிறது, 1993இல் திறந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களின் எலும்புகளை அங்கிருந்து கொண்டுவந்து வட்டமான கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள். சுவரில் பெயர்கள் இருக்கின்றன. தாத்தாவின் முழுப் பெயர், பிறந்த தேதி, படைப் பிரிவு தெரிந்தால் எழுதி எடுத்துப் போங்கள். பிரெஞ்சு எழுத்தில் நம் பெயர்களை எப்படி எப்படியோ எழுதியிருப்பார்கள். அதனால் இரண்டு மூன்று விதமாக எழுதி வைத்துக்கொண்டு அலுவலகத்தில் கேளுங்கள்.

பக்கத்திலேயே ஒரு பகோடா, 1917இல் வியத்நாமியச் சிப்பாய்கள் கட்டியது. முதல் உலகப் போருக்கு அழைத்து வந்தவர்கள், ஊர் ஏக்கத்தில் கோயில் கட்டிக்கொண்டார்கள். பெரிய சயன புத்தர் இருக்கிறார். ஊருக்கு வெளியே பைன் மரங்களுக்கு நடுவில் ஆப்பிரிக்கச் சிப்பாய்களுக்காக 1930 வாக்கில் எழுப்பிய செம்மண் நிற மசூதியும் உண்டு, மாலியின் ஜென்னே மசூதியைப் பார்த்துக் கட்டியது. நாங்கள் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தபோது மாரியம்மனைக் கூட்டி வந்தோம் என்று இங்கே பாட்டிமார் சொல்வார்களே, அதே கதைதான்.

எங்கள் பெரியப்பா திரும்பி வந்தவர் என்பதால் அவர் பெயர் அந்தச் சுவரில் இல்லை. அவர் கூடப் போய்த் திரும்பாத இரண்டு பேரின் பெயரைச் சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுப் பெயர் தெரியாததால் என்னால் தேட முடியவில்லை. உங்களிடம் முழுப் பெயர் இருக்கிறது. பூ வாங்கிப் போங்கள், அந்த வாசலில் பூக்கடை கிடையாது. ஊருக்குள் கதீட்ரல் பக்கமே வாங்கிக்கொள்ளுங்கள்.